சாம்பல் முயலின் இரண்டாம் ஈற்று

1. ஞாயிறு விடியற்காலை சாம்பல் முயல் ஆறு குட்டி போட்டது.
2. திங்கள் காலை ஒன்பது மணிக்கு நான் கூண்டுக்குள் அது குட்டி போட்ட பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஆறும் உயிரோடு இருந்தன.
3. அன்று நண்பகல், பெட்டியில் இருந்த வைக்கோலையும் தாய் தன் வயிற்றிலிருந்து பிடுங்கிப் போட்டிருந்த ரோமத்தையும் எடுத்துவிட்டு, பெட்டியை லைசால் என்ற நெடியுள்ள கிருமிநாசினி ஊற்றிக் கழுவி, ஆவியில் கிருமி நீக்கிய பஞ்சைப் பரப்பினேன்.
4. செவ்வாய்க்கிழமை நான் பார்த்த நேரமெல்லாம் தாய் பெட்டிப் பக்கமே போகவில்லை.
5. அன்று மாலை நான்கு மணிக்கு ஆறு குட்டிகளுக்கும் இங்க் ஃபில்லரால் பசும்பால் கொடுத்தேன்.
6. புதன் காலை நான்கு குட்டிகள் இறந்து கிடந்தன.
7. தாய் கவனிக்காததால் இறந்தன என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஏழாவதில் நான் எழுதிய காரணம் தவறு. எழுதும்போது அது தவறு என்று தெரியாது என்றுதான் சில நாட்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான் வேலை பார்க்கும் பரிசோதனைக்கூடம் ராயபுரத்தில், ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிறது. சுற்றியுள்ள ஆஸ்பத்திரிகளிலிருந்து ரத்தமும் சளியும் சிறுநீரும் சீசாக்களில் வரும். நாங்கள் பார்த்து, முடிவை எழுதி அனுப்புவோம். கூடத்தின் பின்னால் ஓடு வேய்ந்த ஒரு கொட்டகை. அதில்தான் முயல்கள். கூண்டுகள் இரண்டு வரிசை. சுவரை ஒட்டிய வரிசை குட்டி போடும் முயல்களுக்கு. எதிர் வரிசை பரிசோதனைக்கு. எதிர் வரிசைக்குப் போன பெட்டை முயல் திரும்பி வராது.

அதற்குக் காரணம் உண்டு. ஒரு பெண் கருவுற்றிருக்கிறாளா என்று சந்தேகம் வந்தால், சோதிக்க வேறு முறை இன்னும் இல்லாததால், அவளுடைய சிறுநீரைப் பெட்டை முயலின் காது நரம்பில் ஊசியால் ஏற்றுவோம். இரண்டு நாள் கழித்து முயலைக் கொன்று, வயிற்றைத் திறந்து, சினைப்பையைப் பார்ப்போம். அதில் ரத்தப் புள்ளிகள் இருந்தால் அந்தப் பெண் கர்ப்பம். இல்லாவிட்டால் இல்லை. எந்த முடிவு வந்தாலும் முயல் செத்திருக்கும். இதற்கு எடுக்கும் முயலை முன்கூட்டியே மூன்று வாரத்துக்கு மேல் தனிக்கூண்டில், ஆண் முயலின் வாடையே இல்லாமல் வைத்திருக்க வேண்டும்.

எந்த முயல் எந்த வரிசை என்பதை எங்கள் டாக்டர் தீர்மானிப்பார். அவருடைய விதி எளிமையானது. இரண்டு ஈற்று குட்டிகளைப் பறிகொடுத்த தாயைச் சுவர் வரிசையில் வைத்துக்கொள்வதில்லை. சாம்பல் முயலின் முதல் ஈற்று சித்திரை மாதத்தில். ஓட்டுச் சூட்டில் ஏழு குட்டிகளும் ஒரே பகலில் போய்விட்டன. அதில் யார் குற்றமும் இல்லை என்பது டாக்டருக்கும் தெரியும். ஆனாலும் அது ஒரு ஈற்று. இன்னொன்று பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார்.

அந்த இன்னொன்று கார்த்திகை மழையில் வந்தது.

கூடத்தில் முயலுக்குப் பெயர் வைக்கும் வழக்கம் இல்லை. காதில் எண் குத்துவோம், அவ்வளவுதான். சாம்பல் முயலுக்கு எண் குத்தியது நான். பயிற்சி முடித்து வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், நான் குத்திய முதல் எண் அது. கை பழகாததால் இரண்டாவது இலக்கம் கொஞ்சம் சாய்ந்துவிட்டது. வலித்திருக்கும், ஆனால் அது உதைக்கவில்லை. பிறகு கீரைக்கட்டைப் பிரித்தால் முதல் கொத்து அகத்திக்கீரை அந்தக் கூண்டுக்குத்தான் போகும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

முயல்களைப் பார்த்துக்கொள்ள ஒருத்தி இருந்தாள். எல்லோரும் ஆயா என்பார்கள். என்னைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவள் என்பதால் நான் அக்கா என்று கூப்பிட்டேன். புளியந்தோப்பில் வீடு. விடிவதற்குள் கிளம்பி, வழியில் மூலக்கொத்தளம் சுடுகாட்டில் ஒரு கூடை அறுகம்புல் அறுத்துக்கொண்டு, ஐந்தரை மணிக்கெல்லாம் கொட்டகைக்கு வந்துவிடுவாள். அங்கேதான் புல் கொழுத்து நிற்கிறது என்பாள். நான் ஒன்பது மணிக்கு வருவேன். ஐந்து மணிக்குக் கிளம்புவேன். முயல்களைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததும் எனக்குத் தெரிந்ததும் வேறு வேறு நேரத்தைச் சேர்ந்தவை என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

அந்தத் திங்கட்கிழமை பெட்டியைத் திறந்ததும் முதலில் ஒன்றும் தெரியவில்லை. வைக்கோல் குழியில் சாம்பல் நிற ரோமம் குவியலாக இருந்தது. குவியல் மூச்சுவிட்டது. விரலால் விலக்கினேன். உள்ளே ஆறு குட்டிகள், ஒன்றின்மேல் ஒன்றாக. கண் திறக்காத, மயிரில்லாத, கட்டைவிரல் நீளத்துக்குக் கொஞ்சம் அதிகமான சிவந்த உடல்கள். காது தலையோடு ஒட்டியிருந்தது. என் விரல் பட்டதும் ஆறும் ஒரே நேரத்தில் துள்ளின. கையை இன்னும் கொஞ்சம் உள்ளே விட்டபோது, அந்தக் குழி காய்ச்சல்காரர் நெற்றி போலச் சுட்டது.

குறிப்பேட்டில் எழுதினேன். எண்ணிக்கை ஆறு. நிறம் தெரியவில்லை. காயம் இல்லை. எல்லாவற்றுக்கும் வயிறு புடைத்திருக்கிறது, தோலுக்கடியில் வெள்ளையாகத் தெரிகிறது. பெட்டி ஈரம். நாற்றம் உண்டு. கரித்தூள் படிந்திருக்கிறது.

கடைசி மூன்று வரிகள்தான் என் கண்ணில் பட்டன. துறைமுகத்தில் நிலக்கரி இறங்கும் நாட்களில் எங்கள் பக்கத்தில் எல்லாவற்றின் மேலும் கரி படியும். எங்கள் வீட்டில் அம்மா சோற்றுப் பானையின் மூடியை ஒரு வேளைக்கு இரண்டு முறை துடைப்பாள். துவைத்த துணியை வீட்டுக்குள்தான் உலர்த்துவாள். பயிற்சியிலும் அதைத்தான் கற்றேன். கை கழுவுவதற்கு எட்டுப் படி, மேசை துடைப்பதற்கு ஐந்து படி. அழுக்கு கண்ணில் பட்டால் அதை நீக்காமல் அடுத்த காரியத்துக்குப் போகக்கூடாது. மழைக்காலம், ஈரம், கரித்தூள், மூத்திரம் ஊறிய வைக்கோல். இந்த ஈற்று பிழைக்க வேண்டும் என்று யாரைவிடவும் அதிகமாக நான் நினைத்தேன். அதனால் சுத்தம் செய்தேன்.

அக்கா புல் கூடையைக் கவிழ்த்துக்கொண்டே பார்த்தாள். நான் குட்டிகளை ஒவ்வொன்றாக ஒரு தட்டில் எடுத்து வைத்ததையும், கையில் லைசால் தேய்த்துக்கொண்டதையும், பஞ்சுச் சுருளைப் பிரித்ததையும்.

"இன்னாம்மா, புள்ளைங்களுக்கு ஆபரேசன் ரூம் கட்டிக்கினு கீறியா?"

நான் சிரித்தேன். அழுக்கில் நோய் வரும் என்று சொன்னேன். அது தன் முடியைப் பிடுங்கிப் போட்டு வைத்திருப்பதை எதற்கு எடுக்கிறாய் என்று கேட்டாள். பஞ்சும் வெதுவெதுப்பானதுதான், இது கிருமி இல்லாதது என்றேன். அவள் அடுத்த கூண்டுக்குப் புல் போடப் போனாள். ரோமத்தையும் வைக்கோலையும் வாளியில் போட்டு, அதன்மேலும் லைசால் ஊற்றினேன். அதுதான் முறை.

வேலை முடிந்தபோது பெட்டி வெள்ளையாக, ஆஸ்பத்திரிக் கட்டில் போல இருந்தது. எனக்கு அது நிறைவாக இருந்தது என்பதையும் எழுத வேண்டும்.

செவ்வாய் காலை நான் வந்ததும் அக்கா ஒரு செய்தி சொன்னாள். விடிகாலையில் தாய் பெட்டிக்குள் ஏறியதாம். முகர்ந்து பார்த்துவிட்டு, காலால் பஞ்சைப் பிறாண்டிவிட்டு, உடனே இறங்கிவிட்டதாம். நான் அதைக் குறித்துக்கொண்டேன். பிறகு மணிக்கு ஒரு முறை போய்ப் பார்த்தேன். பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று ஒவ்வொரு தடவையும் சாம்பல் முயல் கூண்டின் மறுமூலையில், பெட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கீரை தின்றது, தண்ணீர் குடித்தது. குட்டிகள் இருப்பதாகவே அது காட்டிக்கொள்ளவில்லை. தன் குட்டிகளுக்கு இவ்வளவு அருகில் இப்படி உட்கார்ந்திருக்கும் தாயை நான் பார்த்ததில்லை. பூனை குட்டிகளை விட்டு நகராது. நாயும் அப்படித்தான். மற்ற முயல்களை நான் இப்படி மணிக்கொரு முறை கவனித்ததில்லை. எனக்குத் தெரிந்த தாய்களின் பட்டியலில் இது சேரவில்லை.

பஞ்சுக்கு நடுவே குட்டிகள் பிரிந்து கிடந்தன. வயிறு சுருங்கியிருந்தது. கையில் எடுத்தால் ஜில்லென்றிருந்தது. நான்கு மணிக்குப் பசும்பாலில் கொதித்தாறிய நீர் கலந்து, கொஞ்சம் சர்க்கரை சேர்த்து, புதிதாக வாங்கிய இங்க் ஃபில்லரைக் கொதிக்கவைத்து, ஒவ்வொன்றாகப் பால் கொடுத்தேன். முதல் குட்டி விழுங்கியது. மூன்றாவதற்கும் நான்காவதற்கும் மூக்கில் நுரை வந்தது. துடைத்துவிட்டுத் தொடர்ந்தேன். ஐந்து மணிக்கு மழை தொடங்குவதற்குள் வீட்டுக்குப் போனேன்.

புதன்கிழமை நான்கு இறந்திருந்தன. ஒன்று பெட்டியின் மூலையில் தனியாக. ஒன்றின் பின்னங்காலில் பஞ்சு நூலாக முறுக்கிச் சுற்றி, பாதம் கறுத்திருந்தது. மற்ற இரண்டும் சாதாரணமாகத் தூங்குவது போலக் கிடந்தன. கூடத்தில் எந்த விலங்கு இறந்தாலும் அறுத்துப் பார்த்துக் காரணம் எழுத வேண்டும். நான் அறுக்கவில்லை. காகிதத்தில் சுற்றி எரிக்கும் வாளியில் போட்டேன். அறுத்திருந்தால் நுரையீரலில் பால் இருந்திருக்கும். அதைத் தெரிந்துகொள்ளவேண்டாம் என்று என் கை தீர்மானித்திருக்க வேண்டும். பதிவேட்டை எடுத்து, தாய் கவனிக்கவில்லை என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களை எழுதினேன். கீழே என் கையெழுத்து.

உயிரோடிருந்த இரண்டையும் அக்கா என்னைக் கேட்காமலே எடுத்துக்கொண்டாள். சுவர் வரிசையின் கோடியில் ஒரு வெள்ளை முயல் நான்கு நாளுக்கு முன் குட்டி போட்டிருந்தது. அந்தப் பெட்டியின் வைக்கோலில் ஒரு கைப்பிடி எடுத்து இந்த இரண்டின் மேலும் நன்றாகத் தேய்த்தாள். பிறகு வெள்ளை ரோமத்தைக் குழித்து, அதன் குட்டிகளுக்கு அடியில் இவற்றைச் செருகி மூடினாள். என் பக்கம் திரும்பாமல் பேசினாள்.

"நீ ஒம்போது மணிக்கு வர்றே. அது விடியறதுக்குள்ள பாலு குடுத்துட்டு எறங்கிக் குந்திக்கினு கீது. ஒரு நாளைக்கு ஒரு வாட்டிதான் குடுக்கும். ஞாயித்துக்கெயம, திங்கக்கெயம ரெண்டு நாளும் குடுத்துச்சி, நான் பாத்தேன். நீ மருந்து ஊத்துன பொறவுதான் மோந்துட்டு எறங்கிடுச்சி."

இதை முன்பே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். நீ கேட்டாயா என்றாள். பிறகு, முகர்ந்துவிட்டு இறங்கியதைச் சொன்னபோது நான் அதை எழுதிக்கொண்டு போனேனே தவிர, ஏன் என்று அவளைக் கேட்கவில்லை என்றாள். அது உண்மை.

ஆனாலும் நான் அவளை உடனே நம்பவில்லை. ஒரு நாளைக்கு ஒரு தடவை பால் குடித்து எந்தக் குட்டி வளரும் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை டாக்டர் பதிவேட்டைப் பார்த்து, வழக்கம்போலப் பக்கத்தின் அடியில் ஒப்பமிட்டு, சாம்பல் முயலைத் தனிக்கூண்டுக்கு மாற்றச் சொன்னார். எதிர் வரிசையில் மூன்றாவது கூண்டு. நானே தூக்கிக்கொண்டு போய் விட்டேன். அதன் வயிற்றில் ரோமம் பிடுங்கிய இடம் வெறுந்தோலாக இருந்தது. முலைகள் வீங்கியிருந்தன.

அந்த வீக்கம்தான் என்னைத் தொந்தரவு செய்தது. பால் கொடுக்க விரும்பாத முயலுக்கு ஏன் இவ்வளவு பால்? திங்கட்கிழமை அம்மாவிடம் சீக்கிரம் போக வேண்டும் என்று சொல்லிவிட்டு, ஐந்தரைக்குக் கொட்டகைக்குப் போனேன். அக்கா ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டாள், அதில் உட்கார்ந்தேன். ஆறு மணிக்குச் சற்று முன் வெள்ளை முயல் பெட்டியின் விளிம்பில் முன்கால்களை வைத்தது. உள்ளே தாவியது. படுக்கவில்லை. குட்டிகளுக்கு மேலே அசையாமல் நின்றது. அடியில் ரோமம் கொதிப்பது போல அசைந்தது, சப்புக்கொட்டும் ஓசை கேட்டது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு நிமிடம். பிறகு வெளியே குதித்து, மறுமூலைக்குப் போய், பெட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தது. அன்று மாலை வரை அது திரும்பிப் பார்க்கவே இல்லை.

குட்டிகளைத் திறந்து பார்த்தோம். வெள்ளைத் தாயின் குட்டிகளோடு அந்த இரண்டும் கிடந்தன. எல்லாவற்றுக்கும் வயிறு புடைத்திருந்தது. தோலுக்கடியில் வெள்ளையாக, பால்.

என் குறிப்பேட்டில் அதே வார்த்தைகள் போன திங்கட்கிழமைத் தேதியில், என் கையெழுத்தில் இருந்தன. சாம்பல் முயல் பால் கொடுத்திருந்தது என்பதை நானே எழுதியிருக்கிறேன். எழுதிவிட்டு அதன் அடுத்த மூன்று வரிகளுக்காகப் பெட்டியைக் கழுவியிருக்கிறேன்.

டாக்டரின் அறைக்குப் போய் நடந்ததை வரிசையாகச் சொன்னேன். அவர் நல்லவர். குறுக்கே பேசாமல் கேட்டார். பதிவேட்டில் எழுதியதை அடிக்கக்கூடாது, கீழே இன்றைய தேதி போட்டுத் திருத்தம் எழுதுங்கள் என்றார். எழுதினேன். குட்டிகள் இறந்ததற்குக் காரணம் தாய் அல்ல, கூட்டை மாற்றியதும் தவறான முறையில் பால் புகட்டியதும் என்று ஒன்றரை வரி. அவர் அதைப் படித்து, அதற்கும் ஒப்பமிட்டார்.

முயலைச் சுவர் வரிசைக்குத் திருப்பிவிடலாமா என்று கேட்டேன். இப்போது தனிக்கூண்டில் வேறு எத்தனை பெட்டை இருக்கிறது என்று கேட்டார். ஒன்றும் இல்லை. அடுத்த மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து சிறுநீர் வந்தால் எந்த முயலில் பார்ப்பீர்கள் என்று கேட்டார். நான் பதிவேட்டை மூடிக் கையில் எடுத்தேன்.

"உங்க தப்பா, அதோட தப்பான்னு நான் பார்க்கலை. ஒரு வேலைக்கு ஒதுக்கியாச்சு. விட்டுடுங்க."

அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்த வாரம் அக்கா புல் கூடையோடு என் மேசைக்கு வந்தாள். அவள் கூடத்துக்குள் வருவதே அபூர்வம். கூடையைத் தரையில் வைத்து, அதில் ஒரு முயல் சௌகரியமாக உட்காரும், மேலே சாக்கைப் போட்டால் கேட்டில் யாரும் பார்க்கமாட்டார்கள் என்று மெதுவாகச் சொன்னாள். புளியந்தோப்பில் அவள் வீட்டுப் பின்புறம் ஒரு பழைய பெட்டி இருக்கிறதாம். சாம்பல் முயலுக்கு எண் இருக்கிறது, பதிவேட்டில் என்ன எழுதுவது என்றேன்.

"செத்துப்போச்சின்னு எய்து. நீ எய்துனா செல்லும்மா. போன வாட்டி எய்துனது செல்லலியா?"

நான் குனிந்து சீசாக்களை அடுக்கினேன். முடியாது என்று சொன்னேன். இன்னொரு பொய் எழுதமாட்டேன் என்று நான் நினைத்ததாக நினைவு. மாட்டிக்கொள்வேன் என்ற பயமும் இருந்தது. எது அதிகம் என்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியாது. அக்கா கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

தை பிறந்த இரண்டாம் வாரம் சீசா வந்தது. துறைமுகத் தொழிலாளி ஒருவரின் மனைவி. வயிற்றில் இருப்பது கட்டியா, குழந்தையா என்று ஆஸ்பத்திரி டாக்டர்களால் சொல்ல முடியவில்லை. கட்டி என்றால் உடனே அறுவை. முடிவு சனிக்கிழமைக்குள் வேண்டும் என்று சீட்டில் எழுதியிருந்தது. அந்தப் பெண்ணை நான் பார்த்ததில்லை. சீட்டில் வயது மட்டும் இருந்தது. என் வயதுதான்.

சாம்பல் முயலுக்கு ஊசியை நானே போட்டேன். வேறொருவர் போட்டால் நரம்பு தவறி இரண்டு மூன்று இடத்தில் குத்த நேரும். எண் குத்திய காது வேண்டாம் என்று மற்றக் காதில் போட்டேன். வயிற்றில் பிடுங்கிய இடத்தில் ரோமம் மறுபடி வளர்ந்து, கொஞ்சம் வெளுப்பாக இருந்தது. இரண்டு நாள் கழித்து, சனிக்கிழமை காலை, திறந்து பார்த்ததும் நானே. இரண்டு சினைப்பையிலும் ரத்தப் புள்ளிகள் தெளிவாக இருந்தன. சந்தேகத்துக்கு இடமில்லை. டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பார்த்துத் தலையசைத்தார். முடிவை எழுதி, பத்து மணிக்குள் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அந்தப் பெண்ணின் வயிற்றைக் கிழிக்கவேண்டியதில்லை.

அது நல்ல செய்தி. அன்று முழுதும் அதை நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். வீட்டில் அம்மா ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டதற்குத் தலைவலி என்றேன்.

அக்கா மாசியில் பக்கத்து ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டு வேலைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். கோபத்தில் போகவில்லை, அங்கே சம்பளத்தோடு சாப்பாடும் உண்டு என்றாள். எதிரே பார்த்தால் நின்று பேசுகிறோம். முயல்களைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. கொட்டகைக்கு இப்போது வேறு ஆள் இல்லை. புல்லை ஒருவர் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போகிறார், மற்றதெல்லாம் நான். ஐந்தரை மணிக்கு வருகிறேன். தாய் பால் கொடுத்து இறங்கிய பிறகு, அதன் ரோமத்திலேயே கையைத் தேய்த்துக்கொண்டு, ஒரு தடவை குட்டிகளை எண்ணிவிட்டு மூடுகிறேன். வேறு எதையும் தொடுவதில்லை.

சாம்பல் முயல் ஈன்ற ஆறில் இரண்டு இருக்கின்றன. ஒன்று தாயின் நிறம், இன்னொன்று கறுப்பு. இரண்டும் நன்றாகத் தின்கின்றன. இரண்டும் பெட்டை. காதில் எண் குத்தியாகிவிட்டது. இன்னும் இரண்டு மாதத்தில் டாக்டர் வந்து பார்த்து, எது எந்த வரிசைக்கு என்று சொல்வார்.